சல்லடையின் ஐந்தாவது ஓட்டு

…அதையேதான் சார் நானும் கேக்கறேன், பூனை எதுல சேர்த்தி? நீங்களே சொல்லுங்க. "கீபோர்டு மேல பூனை ஏறி ஏறிப் படுத்துக்குது, என்ன செய்யலாம்?" இப்படி ஒரு கேள்வி. எங்க? தொழில்நுட்ப உதவித் தளத்துல! வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓடற மென்பொருள் பத்தி மட்டும் கேக்கணும், தெரிஞ்சவங்க பதில் சொல்லணும்னு முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கு. நான்தான் எழுதினேன். அங்க பூனைக்கு என்ன வேலை? மூடினேன். மூடினதும் கிளம்பிச்சு பாருங்க ஒரு கூட்டம்! பூனை மிதிச்சா திரையில எழுத்து விழுது, ஆகவே பூனையும் ஒரு உள்ளீட்டுச் சாதனம்தான்னு ஒருத்தன் வாதாடறான். வக்கீலாம். மூணு வாரம் நடந்துச்சு சார்! கடைசியில நான் கேட்டேன், "அந்தச் சாதனத்தைக் கழட்டி மாட்ட முடியுமா?" அதோட ஆளைக் காணோம்.

கொஞ்சம் காலை ஆட்டாம உக்காருங்களேன். தப்பா நினைக்காதீங்க… இந்த சர்வீஸ் சென்டர்ல நாற்காலியெல்லாம் ஒரே இரும்புச் சட்டத்துல அடிச்சிருக்கான். நீங்க காலை ஆட்டினா எனக்குப் பல்லு ஆடுது. உங்க டோக்கன் எத்தனை? அறுபத்தொண்ணா? நான் அம்பத்தெட்டு. இப்ப ஓடறது நாப்பத்தாறு. ஆக, பேசறதுக்கு நிறைய நேரம் இருக்கு. நல்லதாப் போச்சு.

உங்களுக்கு என்ன, ஃபோன் தண்ணியில விழுந்துச்சா? பாத்தீங்களா, இதையே எங்க தளத்துல வந்து கேட்டீங்கன்னு வைங்க, ரெண்டு நிமிஷத்துல மூடிடுவேன். கோவிச்சுக்காதீங்க. ஃபோன், அது வீட்டுக் கம்ப்யூட்டர் இல்ல. தண்ணி, அது மென்பொருள் இல்ல. ரெண்டு வார்த்தையில ரெண்டு தப்பு.

நான் தொழில்ல நூலகத்துல அட்டவணை போடறவன் சார். எந்தப் புத்தகம் எந்த அலமாரின்னு முடிவு பண்றது. இருபத்தாறு வருஷம். மீன் வளர்ப்பு விவசாயத்துல வருமா, விலங்கியல்ல வருமான்னு கேட்டா தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். இந்தத் தளத்துல பத்து வருஷமா மேற்பார்வை. சம்பளமெல்லாம் கிடையாது, தொண்டுதான். அங்க என் பேரு 'சல்லடை'. நானே வெச்சுக்கிட்டது. பதரைப் பிரிச்சு எடுக்கறதால. எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் இருக்கான், 'மூணாம்மாடி'ன்னு பேரு. அவன் சொல்றான், சல்லடையில கீழ விழறதுதான் மாவு, மேல தங்கற உமி நீதான்னு. எவ்வளவு வாய் பாருங்க.

அவனோட பேசவே முடியாது சார். "ஆளு கஷ்டத்துல வந்து கேக்கறாங்க, உதவி பண்ணிட்டு அப்புறம் விதியைப் பாக்கலாம்"னு சொல்றவன். இப்படியே போனா என்ன ஆகும்? "கம்ப்யூட்டர் மெதுவா இருக்கு"ன்னு ஒருத்தர் வருவார். எதைவிட மெதுவா? நத்தையைவிடவா? சொல்ல மாட்டார். "பாஸ்வேர்டு மறந்துபோச்சு"ன்னு இன்னொருத்தர். அது ஞாபகமறதி, வைத்தியர்கிட்ட போகணும். "அவசரம் அவசரம்"னு தலைப்பு போடறாங்க. உங்க அவசரம் உங்களுக்கு, அது எப்படி சார் தலைப்பாகும்? போன மாசம் ஒருத்தர், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா நாற்காலி கிறீச்சுன்னு சத்தம் போடுதாம். மூணாம்மாடி என்ன பண்ணினான் தெரியுமா? திருகுல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கன்னு பதில் போட்டுட்டான்! அவரும் விட்டாராம், சத்தம் நின்னுடுச்சாம், நாப்பது பேர் கைதட்டறாங்க. தொழில்நுட்பத் தளத்துல எண்ணெய்!

அதனாலதான் நான் ஒரு நடைமுறை கொண்டுவந்தேன். இது இந்த இடத்துக்கு உரிய கேள்வி இல்லைன்னு அஞ்சு மூத்த உறுப்பினர் ஓட்டுப் போட்டா கேள்வி மூடிக்கும். அதுக்கப்புறம் யாரும் பதில் எழுத முடியாது. ஒரு நாளைக்கு இருநூறு கேள்வி வருது, அத்தனையும் யாரு படிப்பா? நான் தலைப்பை மட்டும்தான் பாப்பேன். தலைப்பு போதும் சார். இருபத்தாறு வருஷம் புத்தகத்தோட முதுகைப் பாத்தே அலமாரி சொன்னவன் நான். உள்ள பிரிச்சுப் படிச்சுக்கிட்டிருந்தா இன்னைக்கும் 'அ'லயே நின்னுட்டிருப்பேன்.

எனக்கு என்ன பிரச்சினைன்னா… இதோ மடியில இருக்கே, இந்த லேப்டாப். இது என்னோடது இல்ல, என் வீட்டுக்காரியோடது. அவ ஆராய்ச்சி பண்றா. கரப்பான்பூச்சி. சிரிக்காதீங்க, ஆறு வருஷ உழைப்பு. கரப்பான்பூச்சி இருட்டுல மீசையை வெச்சு எப்படி வழி கண்டுபிடிக்குதுன்னு முந்நூத்திப் பன்னண்டு பக்கம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பல்கலைக்கழகத்துல ஒப்படைக்கணும். தவறினா இந்த வருஷம் போச்சு, அவளோட வழிகாட்டியும் ஓய்வு பெற்றுப் போறார், மறுபடி முதல்லேருந்து வேற ஆளைத் தேடணும். காலையில திறந்தா நீலத் திரை. நாப்பத்தெட்டு எண் கேக்குது. எங்க போவேன் நாப்பத்தெட்டு எண்ணுக்கு? தானாவே பூட்டிக்கிச்சு சார். என்னவோ… இந்தக் காலத்து மிஷினெல்லாம் அப்படித்தான். தானாவே பண்ணும்.

எங்க தளத்துலயே கேக்கலாமேங்கறீங்களா? சரிதான், நல்ல கேள்வி. ஆனா கேக்க முடியாது. 'பூட்டிக்கிச்சு, எண் கேக்குது'ன்னு வாரத்துக்கு முப்பது பேர் வந்து அழுதாங்க. இது கேள்வி இல்ல, புலம்பல்னு மொத்தமா மூடிட்டேன். இருந்த பதிலையும் சேர்த்து அழிச்சுட்டேன். இப்ப நானே போய்க் கேட்டா மூணாம்மாடி சும்மா விடுவானா?

இருங்க, ஃபோன் சத்தம் போடுது. எங்க தளத்து வரிசையில புதுசா ஏதோ கேள்வி வந்திருக்கு. இப்ப பாருங்க, உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன், எப்படி வேலை பாக்கறேன்னு. தலைப்பு: "கணவர் பூட்டிய மடிக்கணினி, என்ன செய்வது?" ஹா! பாத்தீங்களா? பாத்தீங்களா? கணவராம்! இது தொழில்நுட்பமா? இது குடும்ப நீதிமன்றம். ஏற்கெனவே நாலு ஓட்டு விழுந்திருக்கு. அஞ்சாவது நான். இதோ… மூடியாச்சு. காரணம் எழுதணும், அதுக்கு ஒரே வாக்கியம் வெச்சிருக்கேன்: "இவ்விடத்துக்கு உரியதன்று. காரணமின்றித் திறக்கற்க." எப்படி இருக்கு? கல்வெட்டு மாதிரி இல்ல?

என்ன சொன்னீங்க? உள்ள படிக்கணுமா? எதுக்கு சார்? தலைப்புலயே சந்தி சிரிக்குது.

அட, பாத்தீங்களா அந்த மூணாம்மாடியை! பதில் பெட்டி மூடினதும் கீழ பின்னூட்டத்துல போய் பதிலை எழுதியிருக்கான். பின்னூட்டத்துல பதில் எழுதக்கூடாது, அதுவும் விதிதான். எவ்வளவு நீளமா எழுதியிருக்கான் பாருங்க… படிக்கல, நீளத்தைப் பாத்தாலே தெரியுது. அழிச்சுட்டேன். ஒரு நாள்ல ஒரு ஆளு எத்தனை வேலைதான் பாக்கறது!

ம்? டோக்கன் அம்பத்தஞ்சா? பரவால்ல, வேகமாத்தான் போகுது.

இருங்க… வீட்டுக்காரி கூப்பிடறா. நீங்க எழுந்திருக்காதீங்க, இதோ முடிச்சுடறேன். …சொல்லும்மா. ஆமா, இன்னும் வரிசையிலதான்… என்னது? எண் கிடைச்சுடுச்சா! நாப்பத்தெட்டுமா? சார், கிடைச்சுடுச்சாம்! எப்படிம்மா? …யாரோ வழி சொன்னாங்களா? பூட்டும்போது எந்த மின்னஞ்சல் கணக்குல இருந்தோமோ அங்க ஒரு பிரதி தானா போயிருக்கும்னு… ஓ. ஃபோன்லயே எடுத்துட்டியா. கெட்டிக்காரி! யாரு சொன்னது? …எந்தத் தளத்துல?

…அப்படியா.

…மூடிட்டானா? யாரு? …சல்லடையா. …இல்லம்மா, கேள்விப்பட்டதே இல்ல. …அழிச்சும் போட்டானா? நல்லவேளை, நீ அதுக்குள்ள படம் பிடிச்சு வெச்சுக்கிட்டே. …ஆமா. ஆமா. ரொம்ப மோசமானவன்தான். …மனுஷனே இல்லதான்.

(சார், கொஞ்சம் சும்மா இருங்க, இருமாதீங்க.)

…என்ன? காரணத்துல என்ன எழுதியிருக்கான்? "காரணமின்றித் திறக்கற்க"வா? …சரி, அதுக்கென்ன? …நம்ம ஃபிரிட்ஜ் கதவுலயா? …ஆமா, நான்தான் சீட்டு ஒட்டினேன், மின்சாரம் வீணாகுதுன்னு… அதுலயும் அதே வாக்கியம்தானா. உலகத்துல ரெண்டு பேர் அப்படி எழுதக்கூடாதா என்ன? …எழுத மாட்டாங்களா. …ம். …நான்தான்மா. சல்லடை நான்தான். மெதுவாத் திட்டு, ஸ்பீக்கர் மாதிரி கேக்குது.

சரி, எண்ணைச் சொல்லு. இதோ திறந்துட்டேன், தட்டறேன். …நாலு, ஒம்போது, பூஜ்யம்… ஆச்சு… ஆச்சு… ரெண்டு வரிசை ஆச்சு… அஞ்சு… ஏழு வரிசை ஆச்சு, நாப்பத்திரெண்டு எண். சொல்லு, கடைசி ஆறு. …ஏன்? …முழுசாப் படிக்கணுமா? எதை, உன் கேள்வியையா? அது மூடின கேள்விம்மா! …சத்தமாவா? இங்க ஆளுங்க இருக்காங்க. …சார், பாத்தீங்களா இவ பண்றதை? கேள்வியை முழுசாப் படிச்சாத்தான் கடைசி ஆறு எண்ணைத் தருவாளாம். உன் ஆய்வேடும்மா அது, என்னோடது இல்ல! …மணி மூணுதான் ஆகுதா. …நிறைய நேரம் இருக்கா. …சரி. சரி! படிக்கறேன்.

"வணக்கம்." வணக்கமெல்லாம் கேள்வியில போடக்கூடாதும்மா… சரி, போடலாம். "வணக்கம். என் மடிக்கணினியைத் திறந்தால் நாற்பத்தெட்டு எண்கள் கேட்கிறது. போன வாரம் என் கணவர், பாதுகாப்புக்காக என்று சொல்லி, அதை முழுவதுமாகப் பூட்டினார்." …சார், தானாப் பூட்டிக்கிச்சுன்னு நான் சொன்னது ஒரு பொதுவான அர்த்தத்துலதான். "நேற்று ஏதோ ஓர் அமைப்பையும் மாற்றினார். திறக்கும் எண்ணை மறக்காமல் சேமித்து வைத்திருக்கிறார். கோப்பின் பெயர் 'மிக முக்கியம், தொலைக்கக் கூடாது'. அந்தக் கோப்பு அதே மடிக்கணினிக்குள் இருக்கிறது."

…யாரு சிரிச்சது? டோக்கன் அம்பத்தெட்டா? நான்தான் மேடம். ரெண்டு நிமிஷம், அடுத்தவரை விடுங்க. படிச்சுட்டு வரேன். …லைன்லதான்மா இருக்கேன்.

"ஆய்வேட்டின் பிரதி ஒன்று பென்டிரைவில் இருந்தது. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்று, அதைத் தேவையற்ற நகல் என முடிவுசெய்து, என் கணவர் அழித்துவிட்டார்." …பழக்கதோஷம் சார். தளத்துல ஒரே கேள்வி ரெண்டு தடவை வந்தா ஒண்ணை அழிச்சுடுவேன், கை தானாப் போகும். …சரிம்மா, விளக்கம் சொல்லல. படிக்கறேன். "இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். அவரைத் திட்டுவதற்கு எனக்கு இப்போது நேரமில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் இருக்கிறது." …இந்த வரி தேவையா?

கடைசிப் பத்தி. "கம்ப்யூட்டரில் எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்தத் தளத்தில் கேட்டால் தீர்த்துவைப்பார்கள், இதுபோல் ஓர் இடம் உலகத்தில் கிடையாது என்று பத்து வருடமாக என் கணவர் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய எந்தப் பேச்சையும் நான் இதுவரை நம்பியதில்லை. இதை மட்டும் நம்பி வந்திருக்கிறேன். நன்றி."

…

…இருக்கேன்மா. …படிச்சுட்டேன். முழுசாத்தான். …இல்ல, ஒண்ணுமில்ல, இங்க ஏசி நேரா மூஞ்சியில அடிக்குது. …நல்ல கேள்விதான். தெளிவாத்தான் இருக்கு. …திறக்கறதா? மூடினவன் கையால திறக்க முடியாதும்மா, அப்படி ஒரு விதி… ஆமா, அதுவும் நான்தான். மூணாம்மாடிகிட்டதான் கேக்கணும். …கேக்கறேன். இப்பவே. வணக்கம் போட்டே கேக்கறேன்.

சொல்லு, கடைசி ஆறு. இரு, தப்பாத் தட்டிட்டா முதல்லேருந்து கேக்கும், எழுதிக்கறேன். சார், ஒரு பேனா கொடுங்களேன்… சார்? …அட, எப்ப எழுந்து போனாரு இந்த மனுஷன்? அறுபத்தொண்ணு இன்னும் கூப்பிடவே இல்லையே!

…யாரும் இல்லம்மா. பக்கத்துல ஒருத்தர் இருந்தாரு. …இல்ல, அவரு பெருசா ஒண்ணும் பேசல, நான்தான். …ம். தெரியுது. நீ சொல்லு. ஒவ்வொண்ணா, நிதானமாச் சொல்லு. நடுவுல பேச மாட்டேன்.