ஒன்றேமுக்கால் சுற்று

காலையில் நடப்பது எனக்கு வழக்கம். ஆகையால் இங்கே உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்வதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் என்னை அழைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். என் மருமகனின் மோட்டார் சைக்கிள் விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய ஆய்வறிக்கையை வழக்கறிஞர் நேற்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு முறை படித்தேன். சந்திப் பிழைகளைச் சொல்ல வரவில்லை. அவற்றைத் திருத்த உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் தவறு. ஏன் தவறு என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

மருமகன் கடைசல் பட்டறையில் வேலை பார்ப்பவர். தெருவில் அவரை ‘டர்னர்’ என்றே அழைப்பார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு. என் மகள் கணிதத்தில் முதுகலை முடித்தவள். பத்து ஆண்டுகளுக்கு முன் என்னைக் கேட்காமல் அவரைத் தேர்ந்தெடுத்தாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அன்று ஒரே ஒரு முறை சொன்னேன். பிறகு சொன்னதில்லை. என் மனைவி காலமானதும் இருவரும் என் வீட்டு மாடிக்கே குடிவந்தார்கள். எனக்குத் துணையாம்.

அவருடைய வண்டியின் பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தது. சக்கரத்தின் நடுவே குடம் போன்ற ஒன்று. அதனுள்ளே இரண்டு கட்டைகள். பெடலை மிதித்தால் அவை விரிந்து குடத்தின் உட்சுவரை அழுத்தும். எளிய பொறி, பல்லாண்டு உழைப்பது. அது போதாதாம். கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் பிரேக் வைக்க வேண்டுமாம். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கும் புத்தி அது.

“மழையில டிரம் பிடிக்கவே மாட்டேங்குது மாமா. பின்னாடி இவளும் உக்காந்து வர்றா. பயமா இருக்கு,” என்றார்.

உங்கள் கைவேலை ஒருநாள் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மாப்பிள்ளை, என்று சொன்னேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்றிருந்தார். அவர் காதில் விழும்படியாகத்தான் சொன்னேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. நான் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். பிழை காணாமல் ஒரு விடைத்தாளை மடித்ததில்லை. சக்கரத்தின் குடத்தை மாற்றினார். வட்டத் தகட்டைப் பொருத்தினார். அதைக் கவ்வும் காலிப்பருக்குத் தாமே ஒரு தாங்கி கடைந்து கொண்டுவந்து, அது சக்கரத்தோடு சுற்றிவிடாதபடி சட்டத்தோடு ஒரு கம்பியால் பிணைத்தார். ஆயில் ஊற்றிக் காற்றுக் குமிழ்களைப் பொறுமையாக வெளியேற்றினார். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியாக ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். பெடலிலிருந்து வரும் தண்டு ஆயில் உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது; அந்த அழுத்தத்தில்தான் காலிப்பர் தகட்டைக் கவ்வுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுவதும் பின்வாங்க வேண்டும். அப்போதுதான் சூடேறி விரிந்த ஆயில் திரும்பிச் செல்ல வழி திறக்கும். அதற்காகத் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி விட வேண்டும். அரைகுறைகள் இதை மறப்பார்கள். அவர் மறக்கவில்லை. இடைவெளி விட்டு, தண்டின் நட்டை இறுக்கி, அது நகர்ந்தால் தெரியட்டும் என்று என் மகளின் நகப்பூச்சால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடும் இட்டார்.

தெருவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்துச் சோதனை நடந்தது. அந்தக் கோட்டை முன்சக்கரம் தொடும் இடத்தில் வண்டி நின்றது. மூன்று முறையும் நின்றது.

“என்ன சார், உங்க ஜோசியம் பொய்யாப் போச்சே,” என்றார் தையல்காரர்.

என் மகள் சிரித்தாள். “விடுங்கண்ணே. அப்பா எதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கார்? என் கல்யாணமே ஆறு மாசம் தாங்காதுன்னவர்தானே.”

“ஏய், சும்மா இரு,” என்றார் மருமகன். “மாமா சொன்னதாலதான் ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவை பாத்தேன்.”

அவர் எனக்காகப் பரிந்து பேசினார். பட்டறைக்காரர் ஒருவர், என் வாசலில், எனக்காக. அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று பிற்பகல் இருவரும் உறங்கினார்கள். நான் இரண்டு ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு வண்டியருகே உட்கார்ந்தேன். நட்டைத் தளர்த்தினேன். தண்டை ஒன்றேமுக்கால் சுற்றுத் திருகி நீளமாக்கினேன். நட்டை முன்போலவே இறுக்கினேன். பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, குளியலறை அலமாரியிலிருந்த அதே நகப்பூச்சால் புதிய கோடு இட்டேன். கோடு நேராக இருந்ததால்தான் நட்டை வேறெவரும் தொடவில்லை என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். கூர்ந்து பாருங்கள், மரையின் இடுக்கில் பழைய சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

ஒன்றேமுக்கால் என்பது மனம்போன எண் அன்று. இரண்டு சுற்றுத் திருகினால் வாசலிலேயே சக்கரம் உரசுவது தெரிந்துவிடும். ஒன்று போதாது. ஒன்றேமுக்காலில், கிளம்பும்போது எதுவும் தெரியாது. பிரேக் பிடிக்கப் பிடிக்க ஆயில் சூடேறும், விரியும், திரும்பிப் போக வழியின்றித் தானே சக்கரத்தைக் கவ்வும். ஆறு கிலோமீட்டரில் நிகழும் என்று கணித்தேன். ஆறரையில் நிகழ்ந்தது.

எவரையும் கொல்ல நான் எண்ணவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பி வர வேண்டும்; தையல்காரர் பார்க்க வேண்டும்; அவ்வளவே.

மறுநாள் காலையில் அவர் தனியாகக் கிளம்புவார் என்றிருந்தேன். மகள் கைப்பையுடன் படியிறங்கி ஓடிவந்தாள். “பஸ்ஸை விட்டுட்டேம்ப்பா, இவரோடயே போயிடறேன். இதைக் கொஞ்சம் பிடிங்க,” என்று பையை என்னிடம் நீட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். தலைக்கவசத்தின் பட்டை சிக்கிக்கொண்டதால் சற்று நேரமாயிற்று. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். பையைக் கொடுத்தேன்.

வளைவில் பின்சக்கரம் இறுகி வண்டி சாய்ந்ததும், பின்னால் வந்த வேன் அவள் வலக்காலின் மேல் ஏறியதும் உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மருமகன் அடிபட்ட கையைக் கழுத்தோடு தூளி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். “எங்க தப்பு பண்ணேன்னே தெரியல மாமா. எல்லாத்தையும் பாத்தேனே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிழை எல்லார்க்கும் நேர்வதுதான் என்று ஆறுதல் கூறினேன். அவர்மேல் வழக்குப் பதிந்திருப்பதும், குற்றம் தம்முடையதே என்று அவர் எழுதிக்கொடுத்திருப்பதும் உங்களுக்குத் தெரிந்தவை.

உள்ளே போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க அன்னைக்கே சொன்னீங்கப்பா. நாங்கதான் கேக்கல,” என்றாள். அவரை உள்ளே விட வேண்டாம் என்றும் சொன்னாள். நான் கதவைச் சாத்தினேன்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். ‘போதிய பயிற்சி இல்லாத ஒருவர் அளவு தெரியாமல் திருகியதால் பின்சக்கரம் இறுகிற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருமகனைக் காப்பாற்ற வந்தேன் என்று எண்ண வேண்டாம். அது தானாக நடக்குமானால் நடக்கட்டும். அளவு தெரிந்தே திருகப்பட்டது. திருகியவன் நான். அதை அடித்துத் திருத்துங்கள். எங்கே கையெழுத்திட வேண்டுமோ இடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். திருத்திய பக்கம் என் மகள் கண்ணில் பட வேண்டாம். இந்த ஒன்றரை மாதமாகத்தான் அவள் நான் சொல்வதைக் கேட்கிறாள்.