எதோடும் சேராத ஒரு கம்ப்ளைண்ட்

குள்ளஞ்சாவடியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கான அடையாள அட்டை தொங்கியது. வடலூர் தாண்டியதும் இளையவள் சொன்னாள்:

“அக்கா, இல்லாத ஆபீஸ்லேர்ந்து கம்ப்ளைண்ட் வந்துருக்கு.”

“என்னடி சொல்ற?”

“கம்ப்யூட்டர் ரிப்பேர்னு வர்ற ஒவ்வொரு கம்ப்ளைண்ட்டையும் ஒரு மிஷினோடயும் ஒரு ஆளோடயும் சேத்து வெக்கணும். எதோடயும் சேராம கெடக்கறதைத் தேடி எடுக்கச் சொன்னாங்க. எல்லாத்தையும் சேத்துட்டேன், ஒண்ணுதான் சேரல. ‘ஆன் ஆகல, யாராவது வாங்க’ன்னு மட்டும் இருக்குது. கூட ஒரு இன்டர்காம் நம்பர்.”

“பழசா இருக்கும்.”

“போன வாரந்தான் போட்டிருக்காங்க அக்கா. அந்த நம்பரை விசாரிச்சேன். பழைய பம்ப் ஹவுஸ் ஆபீஸாம். அந்த எடத்தையே மைன்ஸுக்கு வெட்டி எடுத்துட்டாங்க. இப்ப அங்க வெறும் பள்ளந்தான்.”

“அப்ப அழிச்சிட வேண்டியதுதானே?”

“அழிக்கறதுக்கு முன்னாடி அந்த நம்பருக்குப் போட்டுப் பாத்தேன்.” அவள் குரல் இறங்கியது. “ரிங் போச்சு. வயசான ஆளு ஒருத்தரு எடுத்தாரு. ‘வர்றீங்களா? எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டுந்தான் ஒக்காந்துக்கினு இருக்கேங்க’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“பயத்துல, ஆள் அனுப்பறேன்னு சொல்லிட்டேன்க்கா.”

டவுன்ஷிப் ஆர்ச்சுக்குள் பஸ் நுழைந்தது. மூத்தவள் மெல்லக் கேட்டாள்:

“யாரைடி அனுப்பப் போற?”