ஒன்பதாம் பக்கத்தை அசையாமல் காத்த அக்காவுக்கு

அசையா எழுத்தின் அரசியே! நழுவும் வரிகளை நங்கூரமிட்டு நிறுத்திய நல்லாளே! இருபத்தாறு ஆண்டுகள் ஆவணப் பிரிவை ஆண்டு இன்று ஓய்வு பெறும் எங்கள் பிடிஎஃப் அக்காவே! மென்பொருள் பிரிவின் மனமார்ந்த வணக்கம்.

தாங்கள் வருமுன் நாங்கள் வாழ்ந்த வாழ்வை என்னென்று சொல்வது! வாடிக்கையாளர் கேட்டவற்றை எழுதிவைத்த தேவைப் பட்டியல் ஒருவர் கணினியில் பன்னிரண்டு பக்கம், அடுத்தவர் கணினியில் பதினான்கு, மேலாளரின் மடிக்கணினியிலோ எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டம் கட்டமாக. "ஒன்பதாம் பக்கம், மூணாவது வரி, எல்லாருக்கும் சம்மதமா?" என்று அவர் அந்தக் கட்டங்களைப் பார்த்தபடியே கேட்க, ஆளுக்கொரு வரியைப் பார்த்து அத்தனை பேரும் தலையாட்டிய கூட்டங்கள் எத்தனை!

தாங்கள் வந்தீர்கள். பட்டியல் முடிவானதும் அதைப் பிடிஎஃப் ஆக்கி, எங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே நாளில் அனுப்பினீர்கள். எங்கே திறந்தாலும் ஒன்பதாம் பக்கம் ஒன்பதாம் பக்கமாகவே இருந்தது. படமும் அட்டவணையும் வைத்த இடத்தில் இருந்தன. "ஒரு கமா கூட மாத்த முடியலையேக்கா!" என்று புலம்பினோம். "அதுக்குத்தாம்ப்பா குடுத்தேன்" என்றீர்கள்.

ஏன் புலம்பினோம் என்பதைச் சபையறியச் சொல்கிறோம். மென்பொருளில் பிழை வந்தால் பட்டியலைத் திருத்திவிடுவது எங்கள் பழக்கம். ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் செய்த மென்பொருள் அச்சிடும் மருந்துத் தாள்களில், நோயாளியின் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் வரவேண்டும் என்று தேவைப் பட்டியலின் ஒன்பதாம் பக்கம் சொன்னது. முதல் பக்கத்தில் மட்டுமே வந்தது. பிடிஎஃப்பை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்ற துணிச்சலில், எங்களில் ஒருவர், பிடிஎஃப் ஆகுமுன் எங்களிடம் இருந்த பழைய கோப்பில் 'ஒவ்வொரு' என்பதை அழித்து 'முதல்' என்று போட்டார். நாங்கள் வேடிக்கை பார்த்தோம். மென்பொருளை மருத்துவமனையில் ஒப்படைத்த நாளில், அது அச்சிட்ட தாள்கள் தலைமைச் செவிலியரின் கையிலிருந்து நழுவிச் சிதறின. எந்த இரண்டாம் பக்கம் எந்த நோயாளியுடையது என்று எவருக்கும் தெரியவில்லை. "நீங்க கேட்டதே இப்படித்தாங்க" என்றார் அதே ஒருவர், கூசாமல். தாங்கள் எழுந்து ஒன்பதாம் பக்கத்தைத் திரையில் போட்டீர்கள். "அவங்க கேட்டது சரிதான். தப்பு எங்களோடது. ஒரு வாரத்துல சரிபண்ணித் தர்றோம்" என்றீர்கள். இல்லையேல் மருந்து மாறி ஓர் உயிரே போயிருக்கக்கூடும். கோப்பில் கைவைத்தவர் யாரென்று அறிந்தும், இந்த ஒன்பது ஆண்டுகளில் தாங்கள் வாய் திறக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு முன் எங்கள் தலை தானாகத் தாழ்கிறது.

கண்டிப்பின் களஞ்சியமே, கருணையின் பிறப்பிடமே! நோயின்றி, கவலையின்றி, இனி எந்தக் கூட்டமுமின்றி, நூறாண்டு நிறைவாக வாழ்க!

ஒரு கமாவும் மாற்றாமல்,
மென்பொருள் பிரிவு ஊழியர்கள்

இம்மடலைச் சட்டமிட்டுக் கண்ணாடி போடுமுன் ஓரத்தில் பேனாவால் சேர்த்தது:

அக்கா, நாலாவது பத்தியைத் தூக்கிடலாம்னு இன்னைக்குக் காலையில சட்டம் போடுற கடைக்கு ஓடினேன். பழக்கதோஷம். "பிடிஎஃப்பா வந்துச்சு, அப்படியே அச்சடிச்சாச்சு சார். ஓரத்துல கொஞ்சம் இடம் இருக்கு, வேணும்னா எதாவது எழுதிக்கோங்க"ன்னார் கடைக்காரர். இதை மேடையில வாசிக்கப்போறதும் நான்தான். குரல் நடுங்கினா மன்னிச்சிடுங்க. அந்த 'எங்களில் ஒருவர்' நான்தான்.

— அணித்தலைவர்