படுக்கை ஏழின் சர்க்கரை

அவைக்குத் தலைமையேற்று, நான் எழுந்தவுடனே பெருமூச்சு விட்ட தலைமை மருத்துவர் அவர்களே! முன்வரிசையில் முறைப்போடு வீற்றிருக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே! ஊசியைக் கையிலும் உறுதியை நெஞ்சிலும் ஏந்திய செவிலியத் தாய்மார்களே! மருந்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் நண்பர்களே! கட்டிலருகுச் சோதனை தொடங்கி ஓராண்டு நிறையும் இந்நாளில், அதன் பொறுப்பாளனாகிய நான் உங்கள் அனைவரையும் வணங்கி நிற்கிறேன்.

ஓராண்டுக்கு முன்பு நிலைமை என்ன? நோயாளியின் ஒரு சொட்டு ரத்தம் வார்டிலிருந்து புறப்படும்; படி இறங்கும்; வராண்டா கடக்கும்; பரிசோதனைக்கூடத்தில் வரிசையில் நிற்கும். முடிவு மேலே வருவதற்குள் நோயாளி வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

இன்றோ, உள்ளங்கையளவுக் கருவி. விரல்நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, பத்தே விநாடி! சர்க்கரை எவ்வளவு என்று கட்டிலருகிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் கருவி வந்தால் போதுமா? கற்ற கை வேண்டாமா? ஆகவே சட்டம் போட்டேன். பயிற்சிக்கு வா, தேர்வு எழுது, தேறு! தேறியவரின் அட்டையிலுள்ள பார்கோடைக் காட்டினால்தான் கருவி கண்ணையே திறக்கும். நூற்று நாற்பது பேருக்கு நானே பாடம் நடத்தித் தொண்டை வறண்டேன். "எங்களுக்குக் காது வலிச்சுது சார்" என்று அங்கே ஒரு சகோதரி சொல்கிறார். ஏற்கிறேன் அம்மா, ஏற்கிறேன்.

கருவிக்குள் பதிவாகியிருப்பதை மாதாமாதம் புரட்டிப் பார்ப்பதும் என் வேலை. அப்படிப் புரட்டியபோது ஓர் அதிசயம் கண்டேன். ஆண்கள் வார்டில் நீங்கள் எல்லோரும் மின்னல் அக்கா என்று அழைக்கும் செவிலியர், ஒரே நாளில் அறுபத்துமூன்று பேருக்குச் சோதித்திருக்கிறார். அதுவும் எப்படி? ஒரே நிமிடத்தில் இரண்டு மாடிகளில்! சரி, அன்று அவர் எங்கே இருந்தார்? கடைவாய்ப் பல்லைப் பிடுங்க விடுப்பெடுத்து, பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்தார்.

நடந்தது இதுதான். என்றோ ஓர் அவசரத்தில் "ஒரு தடவைதானே, எடுத்துக்கோங்க" என்று தன் அட்டையைக் கொடுத்தார் அக்கா. எடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? நகலெடுத்து மருந்து அலமாரியின் உட்கதவில் ஒட்டிவிட்டார்கள். அட்டையை மறந்தவருக்கு அது. தேர்வில் தேறாதவருக்கு அது. தேர்வுப் பக்கமே தலைகாட்டாதவருக்கும் அதுவே! பொறுப்பாளன் நான் என்ன செய்தேன்? பார்த்தேன், சிரித்தேன், அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

போன வாரம் என் சிரிப்பு நின்றது. படுக்கை ஏழில் ஒரு தையல்காரர். பகல் நேரத்தில் ஒருவர் வந்து அவர் விரலைக் குத்தினார். கருவி காட்டியது நானூற்றுப் பதினெட்டு! அந்த எண்ணிக்கையைக் கட்டிலில் தொங்கும் தாளில் எழுதிவைத்துவிட்டு வந்தவர் போய்விட்டார். மருத்துவர் பதறி இன்சுலின் எழுதினார். மருந்து ஏறிவிட்டது. எங்கே? குப்பியிலிருந்து ஊசிக்குள்! கைக்குள் ஏறுவதற்கு முன் தையல்காரரின் மனைவி செவிலியருக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"ஏம்மா, காலையிலேருந்து பச்சைத்தண்ணிகூட குடிக்கல மனுஷன். சர்க்கரை எங்கேருந்து வந்துச்சு?"

"கருவி காட்டுதேம்மா."

"என்னத்தக் காட்டுது? இப்பதான் பேத்திக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாரு. கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, பாருங்க!"

விரலைக் கழுவித் துடைத்து மறுபடி பார்த்தார்கள். தொண்ணூற்றாறு! கைதட்டாதீர்கள் ஐயா, கைதட்ட இதில் ஒன்றும் இல்லை. அந்த ஊசி ஏறியிருந்தால், இருந்த சர்க்கரையும் இறங்கி, அந்த மனிதர் கண் விழித்தே இருக்க மாட்டார். நாம் கொண்டாடும் பத்து விநாடி, ஓர் உயிரைப் பறிக்கவும் போதும்.

குத்தியது யார்? கருவி சொன்ன பெயர் மின்னல் அக்கா. தையல்காரர் சொன்னதோ, "வெள்ளக் கோட்டு, மூஞ்சில மாஸ்க்கு, ஆம்பள." இந்த மருத்துவமனையில் அதற்குப் பொருந்தாத ஆண், கேன்டீன் மாஸ்டர் ஒருவர்தான்! ஆள் அகப்படவில்லை. அட்டை அகப்பட்டது. அக்காவுக்கு மெமோ போயிற்று. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை, வேலையே போகலாம்.

நேற்று அவர் என் அறைக்கு வந்தார். "சார், அட்டையைக் குடுத்தது என் தப்புதான். ஆனா அந்த டெஸ்ட்டை நான் பண்ணல. நீங்கதானே இதுக்குப் பொறுப்பு, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." நான் சொன்னது, "பாக்கலாம்மா." அவ்வளவுதான். அவர் போன பிறகு என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"யார் சார் அந்த ஆளு?" என்று பின்வரிசையில் கேட்கிறீர்கள். சொல்கிறேன். நூற்று நாற்பது பேருக்குத் தேர்வு வைத்தவன், தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. பாடம் நடத்துகிறவன் பரீட்சை எழுதுவதா என்ற வீம்பு! அதனால் அவன் அட்டைக்குக் கருவி கண் திறக்காது. வார்டு வழியாகப் போனவன், கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டான். அலமாரிக் கதவைத் திறந்தான், அக்காவின் நகலைக் காட்டினான், கழுவாத விரலைக் குத்தினான். அந்த ஆள் நான்தான்.

எங்கே போயிற்று சற்றுமுன் கேட்ட கைதட்டல்? தோழர்களே, சோதனையைக் கட்டிலருகே கொண்டுவந்தோம்; பொறுப்பைக் கொண்டுவந்தோமா? கருவியைக் கைக்குள் வைத்தோம். "செய்தவன் நான்" என்று சொல்லும் துணிவை எங்கே வைத்தோம்? ஒரு வாரமாக அது என்னிடம் இல்லை. இன்று இத்தனை பேர் முன்னால் நின்றால்தான் வரும் என்று தெரிந்தே மேடையேறினேன்.

தலைவர் அவர்களே, கையெழுத்திட்ட என் கடிதம் இதோ. மெமோவில் பெயரை மாற்றுங்கள். சிஸ்டர், அழாதீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க வார்டுக்குப் போங்க. விசாரணைக்கு நான் போறேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. கோபத்தோடு கேட்டவர்களுக்கு அதைவிட நன்றி. வணக்கம்.