ஒட்டுப்போட்ட இடம்

— சொல்லாதக்கா, சொல்லாத. எனக்கு இன்னும் வரல.

— என்னடா வரல? நெட்டையன் கிட்டாரை மாட்டிக்கிட்டு மேடையில நிக்கிறான். ஜனம் கத்துற கத்துல என் தையல் மெஷினே அதிருது.

— உன் வீட்டு டிவியில நிக்கிறான். இந்த வார்டு டிவி ஆமை. உனக்கு வந்து கொஞ்சம் கழிச்சுத்தான் எனக்கு வருது. நீ பாட்டுக்கு முன்னாடியே சொல்லிட்டா நான் எதைப் பார்க்கிறது?

— நேரடி ஒளிபரப்புன்னு எழுதியிருக்கான். ஒரே கச்சேரி, உனக்கு ஒரு நேரம் எனக்கு ஒரு நேரமா?

— உன்னோடது கேபிள். இது இன்டர்நெட்ல ஊரைச் சுத்திக்கிட்டு வருது. இதோ, வந்துட்டான் நெட்டையன். என்னக்கா இப்படிக் கிழவனாயிட்டான்?

— நீ கண்ணாடி பார்த்து நாளாச்சு போல.

— மத்தியானம் பார்த்தேன். நெஞ்சு முடியையெல்லாம் சிரைச்சு விட்டுட்டாங்க. உரிச்ச கோழி மாதிரி இருக்கேன்.

— கிடக்கட்டும். பயமா இருக்காடா?

— கம்பி அறுந்த லிஃப்ட்டுல ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கினவன் நான். எனக்கென்ன பயம்?

— அதான் கேட்கிறேன். பயமா இருக்கா?

— இருக்கு.

— ம்.

— அக்கா, லைன்ல இருக்கியா?

— இருக்கேன். பேசாம இருந்தா போயிட்டேன்னு அர்த்தமா?

— அண்ணனுக்கும் நெஞ்சுல இதே வால்வுதான்.

— அவன் காலம் வேற. இப்ப எவ்வளவோ வந்துடுச்சு. இன்னைக்கு இதைப் பேச வேண்டாம்னுதான் டிவியைப் போட்டேன். இத்தனை வருஷமா இந்த பேண்டு பாட்டு எங்கேயாவது கேட்டா எழுந்து போயிடுவேன். நீ கெஞ்சினியேன்னு உட்கார்ந்திருக்கேன்.

— சிரிச்சுக்கிட்டே ஆபரேஷனுக்கு உள்ள போனான்க்கா. 'வந்து மிச்சத்தைப் பாடுறேன்'னான்.

— போதும்.

— காலையில கையெழுத்துப் போடுறேன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். போடுவேனான்னு எனக்கே தெரியல.

— போடலன்னா?

— மாடி ஏறாம, வெயிட்டு தூக்காம, ஒரு ஓரமா கொஞ்ச நாள் ஓட்டலாமாம்.

— லிஃப்ட் மெக்கானிக் மாடி ஏறாம என்னடா பண்ணுவ? நடு வார்த்தையில நின்னு நின்னு மூச்சு வாங்குற. நீ மென்னு முழுங்கிச் சொல்றதை டாக்டர் எனக்கு நேராவே சொல்லிட்டாரு. கையெழுத்துப் போடு.

— அதான் பார்த்தேன், எப்படா இந்தப் பேச்சு வரும்னு.

— நடு மைக்கைக் காட்டுறான் பாரு. ஐயோ, உனக்கு வரலையா? சரி, சொல்லல.

— சொல்லு, பரவாயில்ல.

— சுருட்டை எப்பவும் நின்னு பாடுற இடத்துல யாரையும் நிறுத்தல. மைக்கை மட்டும் வெச்சு மேல வெளிச்சம் போட்டிருக்காங்க. செத்தவனுக்கு மரியாதையாம். அவன் பாடுற நடுக்குரலை இன்னைக்கு ஜனமே பாடுமாம்.

— நம்ம வீட்டுல அண்ணனோட குரல் அது.

— ஆமா. நீ அடிக்குரல், நான் உச்சம். அம்மா வந்து, 'மூணும் சேர்ந்து பூனையைக் கொல்லுதுங்க'ன்னு கதவைச் சாத்திட்டுப் போவாங்க.

— இப்ப எனக்கு வருது. வெறும் மைக்கைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்குக்கா.

— தம்பி.

— ம்?

— பாலத்துப் பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க.

— எனக்கு இன்னும் கைதட்டல்தான். நீ கேளு, நான் பின்னாலேயே வரேன். ஒட்டுப்போட்ட இடம் வர்றப்போ சிரிக்காம இரு.

— அந்த இடத்தை நீ இன்னும் தப்பாவா பாடுற?

— எப்படிக்கா மாத்த முடியும்? டேப் ரெக்கார்டர் நாடாவைக் கடிச்சுக் குதறிச்சு, அண்ணன் கசங்கினதைப் பிளேடால வெட்டி எறிஞ்சுட்டு ரெண்டு முனையையும் ஒட்டினான். அதைத்தானே வருஷக்கணக்கா கேட்டோம்? 'கரை எங்கேன்னு கேட்டேன்' முடிஞ்ச உடனே தாவி, 'நீ திரும்பவேயில்ல'. நடுவுல ரெண்டு வரி இருக்குன்னே தெரியாது. ஒர்க்‌ஷாப்ல பாடினேன், சிரிச்சுட்டானுங்க.

— 'யாரும் சொல்லல, உன் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.' அதானே அந்த ரெண்டு வரி?

— அதான். உலகமே அதோட பாடுது. அது இல்லாமப் பாடுறது நம்ம மூணு பேர்தான். அக்கா? ... அக்கோவ்? என்ன சத்தமே இல்ல?

— தாவிட்டான்டா.

— யாரு?

— தெரியல. ஜனம் மொத்தமும் 'யாரும் சொல்லல'ன்னு பாடுது. ஒரு குரல் மட்டும் நேரா 'நீ திரும்பவேயில்ல'க்குப் போயிடுச்சு. நம்ம கேசட் மாதிரியே.

— கூட்டத்துல எவனாவது வரியை மறந்திருப்பான்.

— கூட்டத்துல இல்ல. நடு மைக்ல இருந்து வந்துச்சு.

— அங்கதான் யாருமே இல்லையே?

— இல்லதான். பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— இரு, எனக்கு அந்த வரி வருது. 'கரை எங்கேன்னு கேட்டேன்' ... இல்லக்கா. எல்லாரும் ஒழுங்கா முழுசாத்தான் பாடுறாங்க. தனிக்குரல் ஒண்ணும் இல்ல.

— நல்லாக் கேளு.

— கேட்டேன்க்கா. போனை டிவிகிட்ட வை. அடுத்த தடவை வரும்போது நானும் கேட்கிறேன்.

— வெச்சிருக்கேன். இப்ப வரும். ... கேட்டியா?

— ஒரே இரைச்சல். நீ மூச்சு விடுறது மட்டும்தான் கேட்டுச்சு.

— நான் மூச்சே விடலடா.

— அக்கா, விளையாடாத.

— தாவுறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு இழுப்பு இழுப்பானே, சளி பிடிச்சவன் மாதிரி? நீ கூடக் கிண்டல் பண்ணுவியே? அதே இழுப்பு.

— அண்ணனா?

— ம்.

— அழுறியா?

— இல்ல. சந்தோஷமா இருக்கு. உடம்பெல்லாம் ஜில்லுன்னும் இருக்கு.

— ஏன் எனக்கு வரல? எனக்கும் அண்ணன்தானே?

— சார், வார்டு டிவியை அணைக்கப் போறேன். போனையும் வெச்சுட்டுப் படுங்க. காலையில முதல் ஆபரேஷன் உங்களோடது.

— சிஸ்டர், இந்த ஒரு பாட்டு மட்டும், தயவுசெஞ்சு.

— நாளைக்கு மறுபடியும் போடுவாங்க. பொறுமையாப் பார்க்கலாம்.

— நாளைக்கு நான் இருக்கணுமே சிஸ்டர்.

— இதெல்லாம் ஒரு பேச்சா? படுங்க.

— அணைச்சுட்டுப் போயிட்டாங்கக்கா. இனிமே உன் காதுதான் எனக்கு. சொல்லு, எங்க இருக்கு பாட்டு?

— கடைசி தடவை வரப்போகுது. நெட்டையன் கண்ணை மூடிட்டான். டிரம்ஸ் நின்னுடுச்சு. ஜனம் மட்டும் பாடுது. 'கரை எங்கேன்னு' ... இழுத்துட்டான் மூச்சை. தாவிட்டான். அடக்கடவுளே, கூடவே இன்னொரு குரலும்...

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல.

— இன்னொரு குரல்னு சொன்ன. கூட ஒருத்தர் தாவினாங்களா?

— விடுடா.

— நம்ம மூணு பேருக்குத்தான்க்கா அந்தத் தாவல் தெரியும். அண்ணன் போயாச்சு. அவன்கூட இன்னைக்கு அங்க யார் நிக்கிறா? உன் டிவி என்னோடதைவிட முன்னாடி ஓடுது. நாளைக்கு நடக்கப் போறதைத்தான் அது காட்டுதா?

— கத்தாத. நெஞ்சு.

— நான்தானே அது? சொல்லிடு. கையெழுத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். விடியறதுக்குள்ள சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிடுறேன்.

— பாட்டு முடியட்டும்னு பார்த்தேன். முடிஞ்சுடுச்சு. எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க.

— பேச்சை மாத்தாத.

— மாத்தல. கேளு. காலையில கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போ. நல்லபடியா வெளிய வருவ. அது நீ இல்ல.

— என் மனசுக்காகச் சொல்ற.

— பிறந்ததுல இருந்து கேட்கிறேன்டா, உன் குரல் எனக்குத் தெரியாதா?

— அப்ப யாருக்கா அது?

— பொம்பளக் குரல்டா.