முதல் தண்ணீர்

விளக்கைத் தூண்டாதீர்கள், இருக்கிற வெளிச்சம் போதும். இது என் நண்பனின் மாமாவுக்கு நடந்தது. விடியற்காலை மூன்று மணி... குழாயடித் தெருவில் ஈ காக்கை இல்லை. தோளில் நீளமான இரும்புச் சாவியோடு மாமா மட்டும். தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருக்கு.

அந்தக் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுகிறது. தண்ணீர் நின்றால் விரிசல் வழியே சாக்கடை உள்ளே இறங்கிவிடும். அதனால் முதலில் வருவதைக் கொஞ்ச நேரம் வீணாக ஓடவிட்ட பிறகுதான் தெருவுக்குத் திருப்புவார். அந்தக் கோடையில் பெண்கள் குடமும் கையுமாக வந்து, "குடிக்கவே சொட்டு இல்ல, நீங்க ரோட்டைக் குளிப்பாட்டுறீங்களா?" என்று பிடித்துக்கொண்டார்கள். மாமாவுக்கு அலுத்துவிட்டது. ஓடவிடுவதை நிறுத்திவிட்டார்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகள் அவருக்கு. அவளுக்கு மட்டும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். பாவி மனுஷன், அவ்வளவு தெரிந்திருந்தது.

தெருவில் வாந்தி, பேதி. வீட்டுக்கு வீடு குழந்தைகள் போயின. கேட்டால் "காய்ச்சல்" என்றார்கள், "பல்லு முளைக்கிற கோளாறு" என்றார்கள், "கண்ணு பட்டுடுச்சு" என்றார்கள். தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. மாமாவும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மூன்று மணிக்கு, குழாயைத் திறக்கிற குழியின் மூடியைத் தூக்கியதுமே புளித்த பால் வாடை... பிறகு சத்தம். டிங்... டிங்... தெருக்கோடிக் குழாயடியில் சின்னச் சின்ன டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஆள் யாரும் இல்லை.

"மாமா... தண்ணி."

தையல்காரர் மகளின் குரல். போன வாரம் அவள் குழியில் இவரும் ஒரு பிடி மண் போட்டிருந்தார்.

சாவியைத் திருகவே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தார். உள்ளே மனைவி அயர்ந்து தூங்க, மகள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயெல்லாம் ஈரம். மடியில் ஒரு டம்ளர்... அந்த வீட்டு டம்ளர் இல்லை. மோந்து பார்த்தார். அதே வாடை.

"யாரும்மா குடுத்தா?"

"தையக்கார மாமா வீட்டு அக்கா. எல்லாரும் குடிச்சாச்சாம்ப்பா. நான்தான் பாக்கியாம்."

விடிவதற்குள் வாந்தி தொடங்கியது. மாமா வைத்தியரைத் தேடி ஓடினார், காலைப் பிடித்து அழுதார். எதற்கும் வாந்தி நிற்கவில்லை.

மறுநாள் துக்கம் கேட்க வந்த தையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "குழந்தைக்கு என்னண்ணே ஆச்சு?" என்றார்.

மாமா மூலையில் சாத்தியிருந்த சாவியையே பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்.

"காய்ச்சல்."