பச்சைக் கல்லை முதலில் பார்த்தவன்

கல்லைப் படம் எடுக்கிறவன் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது, சார். பளிச்சென்று எதைப் போட்டாலும் பட்டை தீட்டிய கல் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். சர்ச்சுக்கும் அதே சட்டையோடு போகிறேன் என்று என் மனைவி ஷீலாவுக்குக் கோபம்.

நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. வீடு கீழ்க்கட்டளையில். படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. அக்தர் பாய்க்குப் பம்மலில் தோல் வியாபாரம். மாடியறையில் உட்கார்ந்து கல்லுக்குப் பட்டை தீட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. குச்சியில் அரக்கு வைத்து ஒட்டிய கல்லைச் சூடு காட்டிக் கழற்றியதும், நேரே என் கேமரா முன்னால் வைப்பார். "மொதல்ல நீ பாரு ஜோஷ்வா. அப்பாலதான் மத்தவங்க" என்பார். அவர் மனைவி அஜீசா அக்காகூட எனக்குப் பிறகுதான் பார்ப்பார். ஆபீசில் டீ எனக்குக் கடைசியில்தான் வரும். முதலில் எனக்கு என்று ஒன்றை ஒதுக்கி வைத்தவர் அவர் ஒருவர்தான்.

போன வருஷம் அவர் மருமகன் ஃபயாஸ் துபாயிலிருந்து டிஜிட்டல் கேமராவோடு வந்து இறங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் படியேறும்போதே அக்கா சிரித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, அந்தப் பச்சைக் கல்லு போட்டோ பாத்தீங்களா? ஃபயாஸ் எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டுகிறான். ஜம்முனு கீது."

எனக்கு எந்தப் பச்சைக் கல்லும் தெரியாது. போய்ப் பார்த்தேன். படத்தில் தன் வெள்ளைச் சட்டையைக் கல் முழுக்க அப்பி வைத்திருந்தான். பாயைக் கேட்டேன்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிக்கினு இருப்பியா? நீ ஃபிலிம் கழுவி எடுத்தாரதுக்குள்ள ஒரு வாரம் பூடுது. அவன் டக்குனு எடுத்தான்."

வாக்குக் கொடுத்த ஞாபகமே அவர் முகத்தில் இல்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்கப்புறம் அவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. சொட்டு மருந்து விட அக்காவுக்குப் பயம், ஃபயாசுக்கு நேரமில்லை. நான் லீவு போட்டேன். கண்ணுக்கு மருந்து விடுவதும் கல்லைப் படம் எடுப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான், கை ஆடக் கூடாது. தலையைச் சாய்த்து, இமையைப் பிடித்து, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். அக்காவைக் கேளுங்கள்.

வெளியிலிருந்து நான் எதையும் கொண்டுவரவில்லை. மெருகேற்றும் சக்கரத்துக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும். கல்லின் தூளும் மெருகுப் பொடியும் கலந்த தண்ணீர் அதில் நாள்கணக்காகத் தேங்கிக் கிடக்கும். அதில் கொஞ்சத்தை மருந்து பாட்டிலில் சேர்த்தேன். அவருடைய கல், அவருடைய தண்ணீர். அவர் அந்தக் கண்ணால்தான் ஃபயாசை என் இடத்தில் உட்காரவைத்தார்.

கண் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. நானும் அக்காவோடு சேர்ந்து அழுதேன், சார். அது நடிப்பில்லை.

ஃபயாஸ் அந்தப் பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்திருந்து உங்களிடம் கொடுத்தது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். முன்பே வீட்டில் என் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறான். "ஜோஷ்வாவையா சொல்றே? மொதல்ல வாயக் கழுவு" என்று பாய் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாராம். அக்கா சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு மனசு ஆறியது.

முந்தாநாள் இடது கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இப்போது அவருக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு கண்தான். மருந்து விடுகிற நேரம் நெருங்குகிறது. என் கையைத் தவிர வேறு யார் கையையும் அவர் கண்ணருகே விட மாட்டார். காத்துக்கொண்டிருப்பார்.

ஒரு கான்ஸ்டபிளை வேண்டுமானால் கூட அனுப்புங்கள். இந்தத் தடவை மருந்தை மட்டும்தான் விடுகிறேன். இனிமேல் எந்தக் கல்லானாலும் முதலில் எனக்குத்தான் காட்டுவேன் என்று அவரே சொல்லிவிட்டார், சார்.